செல்லுக்குள்ள வாழற ஒட்டுண்ணிக்கு நம்ம கொழுப்பு எதுக்கு, அதை நிறுத்தினா செத்துடுமா?

கேட்டது ரெண்டு விஷயம். மலேரியா, டாக்ஸோபிளாஸ்மா (பூனை வழியா பரவற ஒட்டுண்ணி, சுருக்கமா டாக்ஸோ) மாதிரி செல்லுக்குள்ளயே புகுந்து வாழற ஒட்டுண்ணிங்க தனக்கு வேண்டிய கொழுப்பை தானே தயாரிச்சுக்காம ஏன் நம்ம செல்லுகிட்ட இருந்து எடுக்குது, அந்த சப்ளையை அடைச்சுட்டா அது செத்துடுமா. நிறைய பேர் "அதுக்கு தயாரிக்கத் தெரியாது, அதான் திருடுது"ன்னு ஒரே வரில முடிச்சுடறாங்க. அது பாதி உண்மைதான். சில லிப்பிடை, அதாவது கொழுப்பு வகையை, சுத்தமா தயாரிக்கத் தெரியாது, சிலதை தயாரிக்கவும் தெரியும் திருடவும் தெரியும், எந்த செல்லுக்குள்ள எந்தப் பருவத்துல இருக்கோ அதைப் பொறுத்து ஒன்னை விட்டு இன்னொன்னுக்கு மாறிக்கும். இந்த மாறிக்கிற புத்தி இருக்கறதாலதான் ரெண்டாவது கேள்விக்கு சட்டுனு ஆமான்னு சொல்ல முடியல.

முதல்ல எதுக்கு இவ்ளோ கொழுப்புன்னு பாத்துடலாம். இங்க கொழுப்புன்னா எனர்ஜிக்காக எரிக்கிற எண்ணெய்ன்னு மட்டும் நினைக்காதீங்க, பெரிய செலவு மெம்பரேனுக்குத்தான், அதாவது செல்லையும் அதுக்குள்ள இருக்கிற உறுப்புகளையும் சுத்தி இருக்கிற கொழுப்புச் சவ்வு. மலேரியா ஒட்டுண்ணி ஒன்னு சிவப்பணுக்குள்ள போனா ஏறக்குறைய 48 மணி நேரத்துல 16ல இருந்து 32 குட்டி வரைக்கும் ஆகுது (மனுஷனைத் தாக்கற ஃபால்சிபாரம்ங்கிற மலேரியா இனத்தைச் சொல்றேன்), ஒவ்வொன்னுக்கும் தனித்தனியா வெளி மெம்பரேன், நியூக்ளியஸ் மெம்பரேன், மைட்டோகாண்ட்ரியா மெம்பரேன் எல்லாம் வேணும், இதுக்கு நடுவுல தான் உக்காந்திருக்கிற பையோட மெம்பரேனையும் பெரிசு பண்ணிட்டே போகணும். நம்மளோட முதிர்ந்த சிவப்பணுவுக்கோ நியூக்ளியஸ் கிடையாது, புதுசா கொழுப்பு அமிலம் தயாரிக்கிற வேலையும் நடக்கறதில்ல, அதாவது அது பூந்திருக்கிற வீடே காலி வீடு. அப்படியும் தொற்று வந்த சிவப்பணுல பாஸ்ஃபோலிப்பிட் (மெம்பரேன் கட்டற முக்கிய கொழுப்பு) அளவு பல மடங்கு ஏறுது. அதுக்கான மூலப்பொருள்ல பெரும்பகுதி வெளிய இருக்கிற ரத்த பிளாஸ்மால இருந்து சிவப்பணு மெம்பரேனைத் தாண்டி, பை மெம்பரேனைத் தாண்டி, ஒட்டுண்ணியோட சொந்த மெம்பரேனைத் தாண்டி உள்ள வரணும்.

இந்தப் பையைப் பத்தி கொஞ்சம் சொல்லணும், இதைப் புரிஞ்சுக்காட்டி மீதி விஷயம் புரியாது. டாக்ஸோபிளாஸ்மா செல்லுக்குள்ள நுழையறப்போ நம்ம செல்லோட மெம்பரேனையே உள்பக்கமா தள்ளி அதை ஒரு பையா மாத்தி அதுக்குள்ள உக்காந்துக்குது, அந்தப் பையோட லிப்பிட்ல பெரும்பகுதி நம்ம செல்லோடதுதான், ஆனா நம்ம புரதம் நிறையவை நுழையற இடத்துலயே வடிகட்டப்பட்டு வெளிய நின்னுடுது. அதனால லைசோசோம் (செல்லுக்குள்ள வந்ததைச் செரிச்சு அழிக்கிற உறுப்பு) அந்தப் பையை அடையாளம் கண்டு வந்து இணையறதில்ல, ஒட்டுண்ணி பத்திரமா இருக்கு. பத்திரம் சரி, சாப்பாடு? பையோட மெம்பரேன்ல சல்லடை மாதிரி துளை இருக்கு, சுமார் 1300 டால்டன் வரைக்கும் உள்ள சின்ன மூலக்கூறு அது வழியா போய் வரும். சர்க்கரை, அமினோ அமிலம் எல்லாம் தண்ணில கரையும், துளை வழியா வந்துடும், பிரச்சனையே இல்ல. கொழுப்பு தண்ணில கரையாது, அது தானா மிதந்து வந்து துளைல நுழையாது. அதனாலதான் கொழுப்புக்குன்னு மட்டும் இந்த ஒட்டுண்ணிங்க இவ்ளோ தனி ஏற்பாடு பண்ணி வெச்சிருக்கு.

டாக்ஸோபிளாஸ்மா பண்ற ஏற்பாடு ரொம்ப விசேஷம். அதுக்கு கொலஸ்ட்ரால் தயாரிக்கவே தெரியாது, வழியே கிடையாது. 2000ல வந்த ஒரு ஆய்வுல காட்டினாங்க, நம்ம செல் எல்டிஎல் ரிசப்டார் (ரத்தத்துல கொலஸ்ட்ராலைச் சுமந்து வர்ற எல்டிஎல் துகளைப் பிடிக்கிற புரதம்) வழியா வெளிய இருந்து உள்ள இழுக்கிற கொலஸ்ட்ரால்தான் இதுக்கு முக்கிய வரவு, லைசோசோம்ல இருந்து கொலஸ்ட்ரால் வெளிய போறதைத் தடுத்தா ஒட்டுண்ணியோட வளர்ச்சி குறையுது. 2006ல இன்னும் ஒரு படி மேல போய் பாத்தாங்க, பை மெம்பரேன் உள்பக்கமா மடிஞ்சு குழாய் மாதிரி நீளுது, அந்தக் குழாய்க்குள்ள நம்ம செல்லோட மைக்ரோடியூபுல் (சரக்கு நகர்த்த உதவற புரத இழை) போகுது, அந்தத் தண்டவாளத்துல வந்த லைசோசோம் குழாய்க்குள்ள மாட்டிக்குது, பின்னாடி கழுத்தை நெரிச்ச மாதிரி மூடிடுது. லைசோசோம் பையோட இணைஞ்சு ஒட்டுண்ணியைக் கொல்றதுக்கு பதிலா முழுசா சிறைபட்டு அதோட சரக்கைக் கொடுக்க வேண்டியதாகுது. செல்லோட கொலைகார உறுப்பையே சப்ளையரா ஆக்கிடுச்சு, எனக்கு இந்தத் துறைல ரொம்ப பிடிச்ச படங்கள்ல அந்த எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் படமும் ஒன்னு. லிப்பிட் ட்ராப்லெட்ன்னு செல் கொழுப்பை சேமிச்சு வைக்கிற சின்னச் சின்ன உருண்டை இருக்கு இல்லையா, அதையும் இதே மாதிரி பைக்குள்ள இழுத்துக்குதுன்னு பின்னாடி தெரிய வந்துச்சு.

ஆனா இதையும் எல்லா செல்லுக்கும் பொதுவா எடுத்துக்க முடியாது. மேக்ரோஃபேஜ்ல (கிருமியை விழுங்கற நோயெதிர்ப்பு செல்) பாத்தப்போ அந்த செல் தானா தயாரிக்கிற கொலஸ்ட்ராலும் ஒட்டுண்ணிக்கு உதவுதுன்னு தெரிஞ்சுது. ஒரு வழி அடைபட்டா இன்னொரு வழி, இது திரும்பத் திரும்ப வரும்.

நம்ம செல்லும் சும்மா உக்காந்து கொடுத்துட்டு இருக்கறதில்ல. டாக்ஸோபிளாஸ்மா பையைச் சுத்தி நம்ம மைட்டோகாண்ட்ரியா வந்து ஒட்டிக்கிட்டு நிக்கறதை ரொம்ப காலமா மைக்ரோஸ்கோப்ல பாத்துட்டே இருந்தாங்க, ஒட்டுண்ணி தன் வசதிக்காக கூட்டிட்டு வந்து வெச்சிருக்குன்னு ஒரு அனுமானம் இருந்துச்சு, அதுக்குக் காரணமான எம்ஏஎஃப்1ங்கிற ஒட்டுண்ணிப் புரதத்தையும் 2014ல கண்டுபிடிச்சாங்க. 2018ல கதை கொஞ்சம் திரும்பிடுச்சு. தொற்று வந்ததும் மைட்டோகாண்ட்ரியா ஒன்னோட ஒன்னு இணைஞ்சு நீளமாகி, கொழுப்பு அமிலத்தை வேகமா உறிஞ்சி தானே எரிச்சுடுது, ஒட்டுண்ணிக்குப் போற அளவு குறையுது. அப்படி இணைய முடியாத மாதிரி மரபணு மாத்தின செல்லுல ஒட்டுண்ணி இன்னும் வேகமா வளர்ந்துச்சு. ஒரே சட்டில இருந்து ரெண்டு பேர் அள்ளற மாதிரிதான், யார் கை முந்துதோ அவங்களுக்கு.

இப்போ "தானே தயாரிக்கத் தெரியாதா"ங்கிற கேள்விக்கு வரேன். மலேரியா, டாக்ஸோ ரெண்டுலயும் அபிகோபிளாஸ்ட்னு ஒரு உறுப்பு இருக்கு, என்னிக்கோ ஒரு சிவப்புப் பாசியை விழுங்கி வெச்சுக்கிட்டதோட மிச்சம், நாலு மெம்பரேன் சுத்தி இருக்கும், ஒளிச்சேர்க்கை எல்லாம் எப்பவோ போயாச்சு. ஆனா அதுக்குள்ள பாக்டீரியா பாணில கொழுப்பு அமிலம் தயாரிக்கிற என்சைம் வரிசை இருக்கு, டைப் டூ ஃபாஸ்னு சொல்வாங்க. நம்ம உடம்புல இதே வேலைக்கு இருக்கிறது டைப் ஒன், எல்லா வேலையும் ஒரே பெரிய புரதத்துல நடக்கும், அமைப்பே வேற. மருந்து தேடறவங்களுக்கு இதை விட நல்ல இலக்கு எங்க கிடைக்கும், நம்மளோட முக்கிய ஃபாஸ்ல இருந்து அது அவ்ளோ வேற.

2001ல பெங்களூர்ல இருந்து நமிதா சுரோலியா, அவதேஷ சுரோலியா ரெண்டு பேரும் நேச்சர் மெடிசின்ல ஒரு பேப்பர் போட்டாங்க, அப்போ சோப்பு, டூத்பேஸ்ட்ல எல்லாம் பரவலா போட்டுட்டு இருந்த ட்ரைக்ளோசான் மலேரியாவோட ரத்தப் பருவத்தை (சிவப்பணுக்குள்ள இருக்கிற பருவம்) தடுக்குது, அந்த ஃபாஸ் வரிசைல இருக்கிற ஃபேப்-ஐ என்சைமை அடைக்கறதாலதான்னு. உலகம் பூரா பல லேப் இந்த என்சைம் பின்னாடி ஓடுச்சு. 2008, 2009 வாக்குல ஜீனையே நீக்கிப் பாத்த ஆய்வுகள் வந்துச்சு. ஃபேப்-ஐ இல்லாத ஒட்டுண்ணி சிவப்பணுக்குள்ள ஒரு குறையும் இல்லாம வளருது! அப்போ ட்ரைக்ளோசான் ரத்தப் பருவத்தைக் கொல்றது வேற ஏதோ வழில. ஆனா அதே ஜீன் நீக்கின எலி மலேரியா ஒட்டுண்ணி கல்லீரல் செல்லுக்குள்ள (ரத்தத்துக்கு வர்றதுக்கு முன்னாடி அது பெருகற இடம்) போனதும் கடைசி கட்டத்துல மாட்டிக்கிட்டு நின்னுடுச்சு, ஒழுங்கா குட்டி போட்டு வெளிய வர முடியல. காரணம் யோசிச்சா புரியும், சிவப்பணுக்குள்ள 16, 32னு ஆகறது, கல்லீரல் செல்லுக்குள்ள ஒத்தை ஒட்டுண்ணியில இருந்து பல்லாயிரக்கணக்குல ஆகுது, அவ்ளோ மெம்பரேனுக்கு திருட்டு மட்டும் போதல போல, சொந்தத் தயாரிப்பும் வேணும். ரத்தத்துல இருக்கறப்போ பிளாஸ்மாவே கொழுப்புக் கடல், எதுக்கு உக்காந்து தயாரிக்கணும்.

இதுலயும் ஒரு சிக்கல், 2014ல மனுஷனைத் தாக்கற ஃபால்சிபாரத்துல இதே வரிசையோட இன்னொரு ஜீனை நீக்கினப்போ அது கொசுக்குள்ளயே தடுமாறிடுச்சு, கொசு கடிக்கறப்போ நம்ம உடம்புக்குள்ள வர்ற ஸ்போரோசோயிட் பருவமே உருவாகல. எலி மலேரியால கல்லீரல்ல தெரிஞ்ச தேவை இங்க ஒரு பருவம் முன்னாடியே வந்துடுச்சு. ஒரே குடும்பம், ஒரே என்சைம் வரிசை, தேவைப்படற நேரம் மட்டும் வேற. எலில பாத்ததை அப்படியே மனுஷனுக்கு எடுத்துட்டு வர்றவங்களுக்கு நான் எப்பவும் இந்த உதாரணத்தைத்தான் சொல்வேன்.

சரி, ரத்தப் பருவத்துக்கு அபிகோபிளாஸ்ட் எதுக்குத்தான் வேணும்? 2011ல ஒரு அழகான சோதனை, ஆன்டிபயாட்டிக் போட்டு அபிகோபிளாஸ்டையே இல்லாம பண்ணிட்டு, ஐபிபின்னு ஒரே ஒரு மூலப்பொருளை மட்டும் (ஐசோப்ரினாய்டுங்கிற இன்னொரு லிப்பிட் வகையைச் செய்யறதுக்கானது) வெளிய இருந்து கொடுத்தாங்க, ஒட்டுண்ணி ஜம்முனு வளர்ந்துச்சு. அப்போ அந்தப் பருவத்துல அந்த உறுப்போட கட்டாய வேலை அது ஒன்னுதான்.

டாக்ஸோல கதை இன்னும் நெளிவு. அங்க சொந்தத் தயாரிப்பும் வேணும், திருட்டும் வேணும், அபிகோபிளாஸ்ட்ல தயாரிச்ச சின்ன கொழுப்பு அமிலத்தையும் வெளிய இருந்து வந்த பெரிய கொழுப்பு அமிலத்தையும் சேர்த்துத்தான் அதோட பாஸ்ஃபோலிப்பிட் உருவாகுது. 2020ல காட்டின மாதிரி வெளிய சத்து குறைஞ்சா தன் சொந்த ஃபாஸை முடுக்கி விட்டுக்குது. அதனால பெட்ரி டிஷ்ல நிறைய சீரம் (கொழுப்பும் சத்தும் உள்ள ரத்தத் திரவம்) ஊத்தி வளர்த்துட்டு "இந்த ஜீன் அவ்ளோ முக்கியமில்ல"ன்னு ஒரு லேப் சொல்லும், சீரத்தைக் குறைச்சுட்டு இன்னொரு லேப் "இது இல்லாட்டி வளரவே மாட்டேங்குது"ன்னு சொல்லும், ரெண்டு பேரும் பொய் சொல்லல. பேப்பர் படிக்கறப்போ மெத்தட்ஸ் பகுதில மீடியத்துல என்ன ஊத்தினாங்கன்னு பாக்காம முடிவை மட்டும் படிக்காதீங்க, இந்த சப்ஜெக்ட்ல பாதி சண்டை அங்கதான் இருக்கு.

கொழுப்பு ஒட்டுண்ணிக்கு வெறும் சாப்பாடு மட்டும் இல்ல, சேதியும் கூட. பிளாஸ்மால லைசோபாஸ்ஃபடிடைல்கோலின்னு ஒரு லிப்பிட் நிறைய இருக்கு, சுருக்கமா எல்பிசி. ஃபால்சிபாரம் அதை உள்ள எடுத்து அதுல இருக்கிற கோலினை வெச்சு தன் மெம்பரேனோட முக்கிய பாஸ்ஃபோலிப்பிடை செய்யுது. 2017ல செல் பத்திரிகைல வந்தது, எல்பிசி தாராளமா இருக்கிற வரைக்கும் ஒட்டுண்ணி சிவப்பணுக்குள்ளயே பெருகிட்டு இருக்கும், எல்பிசி குறைஞ்சா அதுல ஒரு பகுதி கேமிட்டோசைட்டா மாறிடும், அதாவது கொசுவுக்குப் போற ஆண் பெண் பருவம். தீவிர தொற்று சமயத்துல உடம்புல எல்பிசி குறையறது தெரிஞ்ச விஷயம், அப்போ நோயாளியோட ரத்தம் மோசமாகுது, இங்க இருந்து கிளம்பற நேரம் வந்துடுச்சுன்னு ஒட்டுண்ணிக்கு அந்த லிப்பிட் அளவே சொல்லிடுது. பல வருஷமா "ஏன் சில கல்ச்சர்ல திடீர்னு கேமிட்டோசைட் கூடுது"ன்னு மண்டையை உடைச்சிட்டு இருந்தவங்களுக்கு இதுல நிறைய பதில் இருந்துச்சு.

பூனை விஷயமும் இதே ரகம். டாக்ஸோபிளாஸ்மா எலி, ஆடு, மனுஷன், பறவைன்னு எதுல வேணா வாழும், ஆனா ஆண் பெண் இனப்பெருக்கம் மட்டும் பூனைக் குடும்பத்தோட குடல்லதான் நடக்கும். ஏன் பூனைன்னு பல வருஷம் தெரியாம இருந்துச்சு. 2019ல வந்த பதில் ஒரு கொழுப்பு அமிலம்! லினோலெயிக் அமிலத்தை அடுத்த கட்டத்துக்கு மாத்தற டெல்டா-6-டெசாச்சுரேஸ் என்சைம் வேலை பூனையோட குடல்ல இல்ல, அதனால பூனை உடம்புல லினோலெயிக் அமிலம் தேங்கி நிக்குது, ஒட்டுண்ணி அதைத்தான் அடையாளமா எடுத்துக்குது. எலிக்கு அந்த என்சைமை அடைக்கிற மருந்தும் கூடவே லினோலெயிக் அமிலமும் கொடுத்தாங்க, எலி குடல்லயே இனப்பெருக்கம் நடந்து ஊசிஸ்ட் (மலத்துல வெளியேறி தொற்றைப் பரப்பற முட்டை மாதிரி பருவம்) வெளிய வந்துச்சு. ஒரு ஒட்டுண்ணியோட வாழ்க்கைச் சுழற்சியே அது தங்கற உயிரோட ஒத்தை என்சைம்ல தொங்கிட்டு இருக்கு.

லீஷ்மேனியா பத்தி கேக்கல, ஆனா சொல்லாம விட மனசு வரல, மருந்துன்னு வந்தா அதுதான் நல்ல உதாரணம். காலா ஆசார் உண்டாக்கற இது மேக்ரோஃபேஜோட லைசோசோம் மாதிரியான அமிலப் பைக்குள்ளயே வாழும், ஒளிஞ்சுக்கறது எல்லாம் இல்ல. இதுக்கு ஸ்டெரால் (கொலஸ்ட்ரால் சேர்ந்த லிப்பிட் குடும்பம்) தயாரிக்கத் தெரியும், ஆனா நம்ம மாதிரி கொலஸ்ட்ரால் இல்ல, பூஞ்சை மாதிரி எர்கோஸ்டெரால் வகை. ஆம்ஃபோடெரிசின் பி அந்த எர்கோஸ்டெராலைப் பிடிச்சுக்குது, அதான் பூஞ்சை மருந்து இதுக்கும் வேலை செய்யுது. 2010ல பீகார் நோயாளிகள்கிட்ட பண்ண சோதனைல லைப்போசோம்ல வெச்ச ஆம்ஃபோடெரிசினை கிலோவுக்கு 10 மில்லிகிராம்னு ஒரே ஒரு டோஸ் கொடுத்தே பெரும்பாலானவங்களை குணப்படுத்திக் காட்டினாங்க. 2002ல இந்தியால அனுமதி கிடைச்ச மில்ட்டெஃபோசின் வாய் வழியா எடுக்கிற மருந்து, புற்றுநோய்க்காக உருவானது, அதோட அமைப்பே ஒரு பாஸ்ஃபோலிப்பிட் மாதிரிதான்.

லீஷ்மேனியாவோட இன்னொரு இனத்துல ஸ்ஃபிங்கோலிப்பிட் (மெம்பரேன்ல இருக்கிற இன்னொரு லிப்பிட் வகை) தயாரிக்கிற முதல் என்சைமை 2005 வாக்குல நீக்கிப் பாத்தாங்க. பூச்சிக்குள்ள வாழற பருவத்துல அதுக்கு ஸ்ஃபிங்கோலிப்பிட் சுத்தமா இல்ல, தொற்றுக்குத் தயாராகற நிலைக்கும் வர முடியல. ஆனா மேக்ரோஃபேஜுக்குள்ள இருக்கிற பருவத்தை எடுத்துப் பாத்தா ஐபிசிங்கிற அதோட தனி ஸ்ஃபிங்கோலிப்பிட் வழக்கமான அளவுலயே இருக்கு! அந்த ஐபிசி நம்ம உடம்பு தயாரிக்கிற பொருளே கிடையாது. நம்ம ஸ்ஃபிங்கோலிப்பிடை எடுத்து தலையை மட்டும் மாத்தி தன்னோடதா ஆக்கிக்குது. தயாரிப்பை அடைக்கிற மருந்து மட்டும் கொடுத்திருந்தா நோயாளி உடம்புக்குள்ள இருக்கிற பருவம் அசைஞ்சிருக்காது.

ஒட்டுண்ணின்னு சொல்லாட்டியும் செல்லுக்குள்ள வாழற பாக்டீரியாவும் இதே வழிலதான் போகுது. காசநோய் கிருமி மேக்ரோஃபேஜ்ல இருந்து கொலஸ்ட்ராலை இழுத்துச் சாப்பிடவே தனியா எம்சிஇ4ங்கிற கடத்தி வெச்சிருக்கு, கிளமிடியாங்கிற பாக்டீரியா நம்ம செல்லோட கோல்ஜில (சரக்கைப் பிரிச்சு அனுப்பற உறுப்பு) இருந்து போற ஸ்ஃபிங்கோலிப்பிடை வழிமறிச்சுடுது. அதை இழுத்தா பதில் முடியாது.

இப்போ ரெண்டாவது கேள்வி, சப்ளையை அடைச்சா? டிஷ்ல முடியும். ஸ்டாட்டின் (நம்ம செல் கொலஸ்ட்ரால் தயாரிக்கறதைக் குறைக்கிற மருந்து), கொலஸ்ட்ரால் கடத்தலைத் தடுக்கிற மருந்து, மலேரியால கோலின் உள்ள போறதைத் தடுக்கிற மருந்துன்னு பலதும் டிஷ்ல வேலை செஞ்சிருக்கு, கோலின் தடுப்பான்ல அல்பிட்டியாசோலியம்ங்கிறது மனுஷங்ககிட்ட சோதனை வரைக்கும் போச்சு, கடைக்கு வரல. உடம்புல சிக்கல் என்னன்னா அடைக்க வேண்டிய குழாய் நம்மளோடது, அதை முழுசா அடைச்சா முதல்ல கஷ்டப்படறது நாம. பாதி அடைச்சா ஒட்டுண்ணி அடுத்த வழிக்கு மாறிடும். அதனால கேள்வியோட கடைசில கேட்டிருந்த "ஸ்டாட்டின் சாப்பிட்டா, கொழுப்பில்லாத சாப்பாடு சாப்பிட்டா டாக்ஸோ போயிடுமா"வுக்கு பதில்: போகாது, தயவு செஞ்சு டாக்டர் கொடுத்த மருந்தை விட்டுட்டு இதைப் பண்ணாதீங்க. ஒட்டுண்ணியோட சொந்தக் குழாயை அடைச்சாலும் உறுதி கிடையாது, சாகஸ் நோய்க்குக் காரணமான ட்ரிப்பனோசோமா க்ரூசி எர்கோஸ்டெரால் வகையை தானே செய்யுது, அதை அடைக்கிற போசகோனசோல் எலில பிரமாதமா வேலை செஞ்சு, 2014ல வெளிவந்த நோயாளி சோதனைல பழைய பென்ஸ்னிடசோல்கிட்ட படுதோல்வி. மருந்து நிறுத்தினதும் பெரும்பாலானவங்களுக்கு ஒட்டுண்ணி திரும்ப வந்துடுச்சு.

எனக்கு நம்பிக்கை இருக்கிறது பட்டினி போடறதுல இல்ல, எதிர்ப்பக்கம். திருடின கொழுப்பை இந்த ஒட்டுண்ணிங்களுக்கு நிறுத்தத் தெரியாது, டாக்ஸோ கிடைச்ச அளவு கொழுப்பு அமிலத்தை இழுத்துட்டே இருக்கு, தனியா மிதக்கிற கொழுப்பு அமிலம் அதுக்கும் விஷம்தான், அதனால உடனே ட்ரைகிளிசரைடா மாத்தி உருண்டையா ஒதுக்கி வெச்சாகணும். 2018ல அந்த சேமிப்பு என்சைமை அடைச்சுட்டு ஓலெயிக் அமிலத்தை தாராளமா கொடுத்துப் பாத்தாங்க, சேர்த்து வைக்க இடமில்லாம ஒட்டுண்ணி தன் திருட்டாலயே செத்துச்சு. மலேரியாலயும் இதுக்கு ஜோடி இருக்கு, தன் மெம்பரேன்ல கொலஸ்ட்ரால் ஏறாம பாத்துக்கிற பிஎஃப்என்சிஆர்1ங்கிற புரதம், அதை அடைக்கிற மூலக்கூறுகள் ரத்தப் பருவத்தைக் கொல்லும்னு 2019ல காட்டியிருக்காங்க. திருட்டு வழி பல இருக்கலாம், திருடினதை ஒழுங்கு பண்ற இடம் சிலதுதான், அந்த என்சைமும் புரதமும் ஒட்டுண்ணியோடது, நம்மளோடது இல்ல. மருந்து தேடறவங்க இன்னும் கொஞ்சம் பணத்தை இந்தப் பக்கம் போடலாம்ங்கிறது என் கருத்து.